டென்மார்க்கில் குடியேறியவர்கள் எங்கே வாழ்கிறார்கள், யார் அதை முடிவு செய்கிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியேற்றம் பற்றிப் பேச எத்தனையோ நாடுகள் இருக்க, ஏன் டென்மார்க்?

மூன்று காரணங்கள். முதலாவது, அங்கே கணக்கு துல்லியமாக இருக்கிறது. 1968 முதல் டென்மார்க்கில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்கப் பதிவு எண் உண்டு. முகவரி, சம்பளம், பள்ளி, நீதிமன்றத் தண்டனை எல்லாமே அந்த எண்ணோடு இணைந்தவை. 1988-இல் ஒரு சிற்றூரில் குடியமர்த்தப்பட்ட அகதியின் மகன் 2005-இல் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதைப் பெயர் தெரியாமலே ஆய்வாளர்கள் பின்தொடர முடியும்.

இரண்டாவது, சுமார் 60 லட்சம் மக்கள் உள்ள இந்தச் சிறிய நாடு, நாற்பது ஆண்டுகளில் தன் கொள்கையை அடியோடு பலமுறை மாற்றியிருக்கிறது. ஒரு முறை தாராளம், அடுத்த முறை கெடுபிடி. எந்த மாற்றம் என்ன செய்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான இடம் கிடையாது. மூன்றாவது, தமிழர்கள் இந்தக் கதையின் ஓரத்தில் நிற்பவர்கள் அல்லர். ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியால் அங்கே ஒரு அரசே கவிழ்ந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

குடியேறியவர்கள் ஏன் ஒரே இடத்தில் குவிந்தார்கள்? தங்கள் ஆட்களோடு மட்டும் இருக்க விரும்பியதாலா?

அப்படித்தான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதில் உண்மை கொஞ்சம் உண்டு. மீதி டேனிஷ் வீட்டுச் சந்தையின் கதை.

1960-களின் பிற்பகுதியில் துருக்கி, யூகோஸ்லாவியா, பாகிஸ்தான், மொராக்கோ ஆகிய நாடுகளிலிருந்து ஆண்கள் தொழிற்சாலை வேலைக்கு வந்தார்கள். 1973 நவம்பரில், எண்ணெய் நெருக்கடியின்போது, அந்தக் கதவு சாத்தப்பட்டது. சாத்தினால் திரும்பிப் போய்விடுவார்கள் என்று அரசு நினைத்தது. நடந்தது நேர்மாறு: போனால் மறுபடி வர முடியாது என்று தெரிந்ததும், இருந்தவர்கள் மனைவி மக்களை வரவழைத்துக்கொண்டார்கள். ஒற்றை அறையில் நாலு பேராகத் தங்கியிருந்தவர்களுக்கு இப்போது மூன்று அறை வீடு தேவைப்பட்டது.

அதே சமயத்தில்தான் நகரங்களின் விளிம்பில் பெரிய கான்கிரீட் குடியிருப்புகள் எழுந்து நின்றன. ஓர்ஹூஸ் நகரின் கெல்லரூப், ஒடென்சேயின் வொல்ஸ்மோசே போன்றவை டேனிஷ் தொழிலாளர், நடுத்தரக் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டவை. இவை லாபநோக்கற்ற வீட்டுச் சங்கங்களின் வாடகை வீடுகள். நாட்டின் மொத்த வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த வகை. ஆனால் 1970-களில் பணவீக்கம் உயர்ந்திருந்தது, வீட்டுக்கடன் வட்டிக்கு வரிச்சலுகையும் இருந்தது. கணக்குப் போடத் தெரிந்த எந்தக் குடும்பமும் வாடகைக்கு இருப்பதைவிடத் தோட்டத்தோடு தனி வீடு வாங்குவதே லாபம் என்று கிளம்பிவிட்டது. காலியான வீடுகளில் யார் வருவார்? வேறெங்கும் வீடு கிடைக்காதவர்கள். போதாக்குறைக்கு, காலியாகும் நான்கு வீடுகளில் ஒன்றுக்குத் தாங்கள் சொல்லும் ஆளை அனுப்ப உள்ளாட்சி மன்றங்களுக்கு உரிமை உண்டு. வசதியற்றவர்களை அவை அங்கேயே அனுப்பின.

குவிந்தவர்களைப் பற்றி நூறு அறிக்கைகள் உண்டு. விட்டுவிட்டுப் போனவர்களைப் பற்றிய அறிக்கைகள் குறைவு.

அகதிகளை நாடு முழுவதும் பரப்பிவைத்தது எப்போது?

1983-இல் டென்மார்க் இயற்றிய அந்நியர் சட்டம் அன்றைய ஐரோப்பாவில் மிகத் தாராளமானவற்றுள் ஒன்று. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஈரானியர், ஈராக்கியர், லெபனானிலிருந்து வந்த பாலஸ்தீனர், இலங்கைத் தமிழர் என்று அகதிகள் ஆயிரக்கணக்கில் வந்தனர். எல்லோரும் கோபன்ஹேகனிலும் ஓர்ஹூஸிலும் தங்க விரும்பினார்கள். 1986 முதல் டேனிஷ் அகதிகள் மன்றம் அவர்களை மாவட்டவாரியாகப் பிரித்து அனுப்பத் தொடங்கியது. 1998 வரை இந்த முறை நீடித்தது.

நடைமுறை இப்படி: தஞ்சம் உறுதியானதும் மன்றம் ஒரு ஊரைக் காட்டும். அங்கே வீடு தேடித்தரும், சுமார் 18 மாதம் மொழி வகுப்பும் உதவித்தொகையும் உண்டு. பிறகு வேறு ஊருக்குப் போக விரும்பினால் போகலாம், தடையில்லை. பலர் போனார்கள். கணிசமானோர் அனுப்பப்பட்ட இடத்திலேயே வேரூன்றினார்கள்.

மேற்கே உள்ள யூட்லாந்துத் தீபகற்பத்தின் சிற்றூர்களில் இத்தனை தமிழர்கள் இருப்பது அதனால்தானா?

ஆம். ஹேர்னிங், ஹோல்ஸ்டெப்ரோ, பிரண்டா ஆகிய ஊர்களின் பெயரை யாழ்ப்பாணத்தில் யாரும் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. மேற்கு யூட்லாந்தின் தட்டையான நிலமும் காற்றும் யாரும் தேடிப் போகிற காட்சி அல்ல. அகதிகள் மன்றம் அனுப்பியது, போனார்கள்.

அதிர்ஷ்டம் எங்கே இருந்தது என்றால், அந்த வட்டாரம் சிறு தொழிற்சாலைகளின் வட்டாரம். ஹேர்னிங்கில் துணி ஆலைகள், சுற்றிலும் மரச்சாமான், இறைச்சிப் பதனிடும் ஆலைகள், பிரண்டாவில் காற்றாலைத் தயாரிப்பு. டேனிஷ் மொழி அரைகுறையாக இருந்தாலும் கை ஓடினால் வேலை உண்டு. இன்று ஹேர்னிங்கில் பிள்ளையார் கோயிலும் பிரண்டாவில் அபிராமி கோயிலும் இருக்கின்றன. தேர்த்திருவிழாவுக்கு அண்டை நாடுகளிலிருந்தும் அடியார்கள் வருகிறார்கள். சிதறடிக்க நினைத்த கொள்கை இப்படி ஒரு புதிய குவியலை உண்டாக்கியது என்று யாராவது கிண்டலாகச் சொன்னால், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் குவியலை யாரும் பிரச்சினை என்று சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘தமிழர் வழக்கு’ என்பது என்ன?

டேனிஷ் பள்ளி மாணவர்களும் அறிந்த பெயர் இது. நம்மில் பலருக்குத் தெரியாது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1983 சட்டப்படி, அகதித் தகுதி பெற்றவருக்குத் தன் மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் உரிமை இருந்தது. சலுகையல்ல, சட்டம் தந்த உரிமை. 1987 செப்டம்பரில் நீதித்துறை அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழர்களின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைக் கட்டின் அடியில் வைத்துவிடுமாறு அதிகாரிகளுக்குச் சொன்னார். நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம். அடியில் வைத்தால் எதுவும் செய்ய முடியாது. இலங்கையில் அமைதி திரும்பிவிட்டது, இனி இவர்கள் வரத் தேவையில்லை என்பது வாதம். அடுத்த மாதமே, 1987 அக்டோபரில், யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் வெடித்தது. விண்ணப்பத்தில் பெயர் இருந்த மனைவிமாரும் பிள்ளைகளும் அந்தப் போருக்குள் இருந்தார்கள்.

விஷயம் 1989-இல் வெளியே வந்தது. பிரதமர் பவுல் ஷ்லூட்டர் நாடாளுமன்றத்தில் எழுந்து, எதுவும் கம்பளத்தின் கீழ் பெருக்கித் தள்ளப்படவில்லை என்றார். உச்ச நீதிமன்ற நீதிபதி மொகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் நடத்திய விசாரணையின் அறிக்கை 1993 ஜனவரியில் வெளியானது, சுமார் 6,000 பக்கம். பிரதமர் உடனே பதவி விலகினார். பத்தாண்டுக்கு மேல் ஆண்ட அவர் ஆட்சி அத்தோடு முடிந்தது. 1995-இல் அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது.

அந்த நீதிமன்றம் அடுத்து கூடியது 2021-இல். அப்போது குற்றவாளிக் கூண்டில் இருந்தவர் முன்னாள் குடியேற்ற அமைச்சர் இங்கர் ஸ்டோய்பெர்க். தஞ்சம் கோரி வந்த இளம் தம்பதியரைச் சட்டவிரோதமாகப் பிரித்து வைக்க உத்தரவிட்டதற்காக 60 நாள் தண்டனை. இரண்டுமே குடும்பங்களைப் பிரித்த வழக்குகள். கெடுபிடியை விரும்பும் அரசியல்வாதிகள் சட்டத்தை மாற்றப் பொறுமையின்றி நிர்வாக உத்தரவில் காரியத்தை முடிக்கப் பார்ப்பதில்தான் சறுக்குகிறார்கள். சட்டத்தையே மாற்றியிருந்தால் இருவருக்கும் தண்டனை கிடைத்திருக்காது. பிற்காலத்தவர்கள் அந்தப் பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

பரப்பி வைத்ததால் நன்மை உண்டா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அகதி தானாக ஊரைத் தேர்ந்தெடுக்காததால், ஊரின் தாக்கத்தைத் தனியே பிரித்துப் பார்க்க முடிந்தது. பொருளியலாளர் ஆன்னா பீல் டாம் இந்தத் தரவுகளோடு நீண்டகாலம் உழைத்தவர். அவருடைய முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை: சொந்த நாட்டவர் அதிகம் உள்ள இடத்தில் குடியமர்த்தப்பட்ட அகதிகள், தனித்து விடப்பட்டவர்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள். படித்தவர், படிக்காதவர் இருசாராருக்கும் இது பொருந்தியது. எந்த ஆலையில் ஆள் எடுக்கிறார்கள், எந்த மேற்பார்வையாளரிடம் பேச வேண்டும் என்பதை வேலைவாய்ப்பு அலுவலகத்தைவிட ஊர்க்காரர் விரைவாகச் சொல்லிவிடுவார். அண்டை நாடான ஸ்வீடனிலும் ஏறக்குறைய இதே போன்ற முடிவு வந்திருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. பொருளியலாளர் கிறிஸ்டியான் டஸ்ட்மனோடு சேர்ந்து அவர் செய்த இன்னொரு ஆய்வில், குற்றத் தண்டனை பெற்ற இளைஞர்கள் அதிகம் உள்ள ஊரில் குடியமர்த்தப்பட்ட சிறுவர்கள், பிற்காலத்தில் தாங்களும் தண்டனை பெறும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பெண் பிள்ளைகளிடம் அந்தத் தாக்கம் தெரியவில்லை. ஆக, அக்கம்பக்கம் முக்கியம்தான். ஆனால் கெடுத்தது பக்கத்து வீட்டுக்காரரின் நாடு எது என்பது அல்ல, தெருவில் யாரோடு பழகுகிறான் என்பது. இந்த வேறுபாட்டைப் பிற்காலச் சட்டங்கள் கவனிக்கவில்லை என்பதே என் முக்கியமான குறை.

1999 ஒருங்கிணைப்புச் சட்டம் எதை மாற்றியது?

பொறுப்பை அகதிகள் மன்றத்திடமிருந்து எடுத்து, ‘கொம்யூன்’ எனப்படும் உள்ளாட்சி மன்றங்களிடம் கொடுத்தது. ஒவ்வொரு கொம்யூனுக்கும் இத்தனை பேர் என்று ஒதுக்கீடு வந்தது. திட்டம் 18 மாதத்திலிருந்து மூன்று ஆண்டாக நீண்டது. இடையில் வேறு ஊருக்குப் போக வேண்டுமானால் அந்த ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உதவித்தொகைக்கு ஆபத்து. வேலை கிடைத்துப் போகிறவருக்கு வழி இருந்தது. வேலை தேடிப் போக நினைத்தவருக்குத்தான் சிக்கல்.

உதவித்தொகையைக் குறைத்தால் தானாக வேலைக்குப் போவார்கள் அல்லவா?

2002-இல் டென்மார்க் இதையே நினைத்தது. புதிதாக வரும் அகதிகளுக்கு வழக்கமான உதவித்தொகையை ஏறத்தாழப் பாதியாக வெட்டி, ‘தொடக்க உதவி’ என்று பெயர் வைத்தார்கள். 2012-இல் ஒரு அரசு அதை ரத்து செய்தது. 2015-இல் அடுத்த அரசு வேறு பெயரில் கொண்டுவந்தது.

2002 ஜூலைக்குச் சற்று முன்னும் பின்னும் தகுதி பெற்றவர்களை ஒப்பிட்டு டஸ்ட்மன், ராஸ்முஸ் லாண்டெர்ஸோ, லார்ஸ் ஆண்டர்சன் மூவரும் ஆராய்ந்தார்கள். முதல் ஓரிரு ஆண்டுகளில் வேலைக்குப் போனவர்கள் எண்ணிக்கை கூடியது உண்மை. சில ஆண்டுகளில் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. பெண்களில் பலர் வேலை தேடுவதையே விட்டார்கள். திருட்டு கூடியது, பெண்கள் கடைகளில் பொருள் எடுத்து மாட்டிக்கொள்வதும் அதில் அடங்கும். சிறு குழந்தைகள் பாலர் பள்ளிக்குப் போவது குறைந்தது, மொழித் தேர்வில் பின்தங்கினார்கள். பதின்ம வயதினரிடம் குற்றமும் கூடியது, படிப்பும் குறைந்தது. கருவூலத்துக்கு மிச்சமான பணத்தையும் இந்தச் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தாய் பல்பொருள் அங்காடியில் எதையோ பைக்குள் மறைக்கிற நிலையை ஊக்கத்தொகைக் கொள்கை என்று எப்படிச் சொல்வது?

‘கெட்டோ பட்டியல்’ என்றால் என்ன?

2010-இல் பிரதமர் லார்ஸ் லுக்கே ராஸ்முசன் அரசு 29 குடியிருப்புகளின் பட்டியலை வெளியிட்டு, அவற்றுக்கு அதிகாரபூர்வமாகவே ‘கெட்டோ’ என்று பெயர் சூட்டியது. 2018-இல் அது கடுமையான சட்டமாயிற்று. விதி இது: குறைந்தது 1,000 பேர் வாழும் வாடகைக் குடியிருப்பு, அதில் பாதிக்கு மேல் ‘மேற்கத்தியர் அல்லாத’ குடியேறியவர்களும் அவர்கள் வழித்தோன்றல்களும். அத்துடன் வேலையின்மை, குற்றத் தண்டனை, குறைந்த கல்வி, குறைந்த வருமானம் ஆகிய நான்கில் இரண்டு இருந்தால் அது கெட்டோ.

நான்கும் இருந்து, ‘மேற்கத்தியர் அல்லாதவர்’ பாதிக்கு மேல் இல்லாவிட்டால்? அது வெறும் ‘பின்தங்கிய குடியிருப்பு’. வறுமையும் குற்றமும் ஒரே அளவில் உள்ள இரண்டு குடியிருப்புகளில், டேனிஷ்காரர்கள் வாழ்வதற்கு ஒரு சட்டம், மற்றவர்கள் வாழ்வதற்கு இன்னொரு சட்டம். நீதிமன்றச் சண்டை முழுவதும் இந்த ஒரு வரியின் மேல்தான்.

தொடர்ந்து சில ஆண்டுகள் பட்டியலில் இருந்தால் ‘கடும் கெட்டோ’. அங்கே குடும்பங்களுக்கான மலிவு வாடகை வீடுகளை 2030-க்குள் 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும்: இடிக்கலாம், தனியாருக்கு விற்கலாம், மாணவர் அல்லது முதியோர் வீடாக மாற்றலாம். 2021-இல் ‘கெட்டோ’ என்ற சொல்லைச் சட்டத்திலிருந்து நீக்கி ‘இணைச் சமூகம்’, அதாவது மற்றவர்களோடு கலக்காமல் தனியே வாழும் சமூகம், என்று மாற்றினார்கள். விதி அப்படியே நின்றது.

அங்கே வாழ்பவர்களின் அன்றாடத்தில் இது எப்படித் தெரிகிறது?

ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழந்தை வாரம் 25 மணி நேரம் அரசு சொல்லும் பாலர் காப்பகத்தில் இருந்தாக வேண்டும். தூங்கும் நேரம் கணக்கில் சேராது. டேனிஷ் மொழியும் ‘டேனிஷ் விழுமியங்களும்’ கற்பிக்கப்படும். அனுப்ப மறுத்தால் குழந்தைக்கான உதவித்தொகை நிறுத்தப்படலாம். அடுத்த தெருவில் வாழும் டேனிஷ் குடும்பம் குழந்தையை மூன்று வயதுவரை வீட்டில் வைத்துக்கொண்டாலும் கேட்பார் இல்லை.

மற்றொன்று, காவல்துறை ஒரு பகுதியைத் தற்காலிகக் கடுந்தண்டனை வலயமாக அறிவிக்கலாம். அங்கே செய்த சில வகைக் குற்றங்களுக்குத் தண்டனை இரட்டிப்பு. ஒரே குற்றம், சாலையின் இந்தப் பக்கம் ஒரு தண்டனை, அந்தப் பக்கம் இரு மடங்கு.

காப்பகத்தை நான் முற்றாகக் குறை சொல்லமாட்டேன். மொழியைச் சிறுவயதில் பிடித்துக்கொள்வது நல்லதுதான். டென்மார்க்கின் பெரும்பாலான பெற்றோர் அந்த வயதில் குழந்தையைத் தாங்களாகவே அனுப்புகிறார்கள். அவர்களுக்கு விருப்பம், இவர்களுக்குக் கட்டாயம் என்பதே நெருடுகிறது.

மியோல்னபார்க்கன் வழக்கு எதைப் பற்றியது?

மியோல்னபார்க்கன், கோபன்ஹேகனின் நோரெப்ரோ பகுதியில் நான்கு கட்டடத் தொகுதிகள் கொண்ட குடியிருப்பு. கடும் கெட்டோ என்று முத்திரை விழுந்ததால் இரண்டு தொகுதிகளை விற்க முடிவானது. பல்லாண்டுகளாக வாடகை ஒழுங்காகக் கட்டி வந்தவர்களுக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்தது. மாற்று வீடு தருவார்கள். ஆனால் எந்த வீடு என்பதில் குடியிருப்பவர் சொல் அதிகம் எடுபடாது. 2020-இல் குடியிருப்போர் அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள்.

வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்வரை போனது. 2025 பிப்ரவரியில் அந்த நீதிமன்றத்தின் சட்ட ஆலோசகர் தமாரா சாபெட்டா, இந்த விதி இனப் பூர்விகத்தின் அடிப்படையிலான நேரடிப் பாகுபாடு என்று கருத்துரைத்தார். லக்சம்பர்க்கில் உள்ள அந்த நீதிமன்றம் விளக்கம் தந்தாலும், வாடகைதாரர்களின் வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது டேனிஷ் நீதிமன்றமே. இதற்குள் குடும்பங்கள் பல வெளியேறிவிட்டன.

‘மேற்கத்தியர் அல்லாதவர்’ யார்? தமிழர்கள் அதில் வருவார்களா?

ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், நார்வே, சுவிட்சர்லாந்து போன்ற சில ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நீங்கலாக எல்லோரும். ஜப்பானியரும் இதில் அடக்கம். இலங்கை, இந்தியத் தமிழர்கள் நிச்சயம் வருவார்கள். டென்மார்க்கில் பிறந்து, டேனிஷ் குடியுரிமையோடு மருத்துவராகப் பணிபுரிந்தாலும், பெற்றோரில் ஒருவராவது அங்கே பிறந்த குடிமகனாக இல்லாவிட்டால் புள்ளிவிவரத்தில் அவர் ‘வழித்தோன்றல்’.

24 வயது விதி என்றால் என்ன?

2002-இல் வந்தது. வெளிநாட்டு வாழ்க்கைத்துணையை டென்மார்க்குக்கு அழைக்க இருவருக்கும் 24 வயது நிறைந்திருக்க வேண்டும். வேறு நிபந்தனைகளும் உண்டு. கட்டாயத் திருமணங்களைத் தடுப்பது நோக்கம் என்றார்கள். அந்த நோக்கத்தில் தவறில்லை. ஆனால் காதலித்து மணந்த டேனிஷ் இளைஞர்களும் மாட்டிக்கொண்டார்கள். 2000-இல் திறக்கப்பட்ட ஓரசுண்ட் பாலம் கைகொடுத்தது: ஸ்வீடனின் மால்மோவில் வீடு எடுத்து, காலையில் ரயிலேறிக் கோபன்ஹேகனுக்கு வேலைக்கு வந்தவர்கள் ஏராளம். ஒரு திருமண விதி இன்னொரு நாட்டு நகரத்தின் குடியிருப்பு வரைபடத்தையே மாற்றியது.

சிங்கப்பூரும் இன ஒதுக்கீடு வைத்திருக்கிறதே, அதையும் குறை சொல்வீர்களா?

நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஒவ்வொரு கட்டடத்திலும் இன்ன இனத்தவர் இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு உண்டு. முக்கிய வேறுபாடு, அது பெரும்பான்மையான சீனர்களுக்கும் உண்டு: ஒரு கட்டடத்தில் 87 சதவீதம். அடுத்தது, அங்கே இருப்பவர்களை யாரும் வெளியேற்றுவதில்லை. புதிதாக வாங்குபவருக்கே விதி. சுமை இல்லாமலும் இல்லை. வரம்பு நிறைந்த கட்டடத்தில் வீட்டை விற்க நினைக்கும் இந்தியருக்கோ மலாய்க்காரருக்கோ வாங்குவோர் வட்டம் சுருங்கி விலை இறங்குகிறது. அரசும் இதை ஒப்புக்கொண்டு சில நிவாரணங்கள் செய்திருக்கிறது. கோபன்ஹேகன் விதியோடு இதை ஒன்றாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. டென்மார்க்கில் எந்தத் தெருவிலும் டேனிஷ்காரர்கள் அளவுக்கு மேல் கூடிவிட்டார்கள் என்று யாரும் வீட்டை இடிக்கவில்லை.

இப்போது கொள்கை எந்தத் திசையில் போகிறது?

2019 முதல் திசையே வேறு. அகதியின் தங்கும் உரிமை தற்காலிகமானது, அவர் நாட்டில் நிலைமை சீரானதும் திரும்ப வேண்டும் என்பது அடிப்படை. இதை வலதுசாரிகள் கொண்டுவந்தார்கள். மெட்டே ஃபிரெடெரிக்சன் தலைமையிலான சமூக ஜனநாயகக் கட்சி ஆதரித்து வாக்களித்தது, ஆட்சிக்கு வந்தபின் தொடரவும் செய்தது. டமாஸ்கஸ் வட்டாரம் பாதுகாப்பானது என்று கூறி, டேனிஷ் பேசி வேலை செய்துகொண்டிருந்த சிரியர் சிலரின் அனுமதியைக்கூடத் திரும்பப் பெற்றார்கள். 2025 வரை உதவித்தொகையின் பெயரே ‘சுயவாழ்வாதார, தாயகம் திரும்பும் உதவி’ என்றுதான் இருந்தது. ஒரு கையில் மொழி வகுப்பு, மறு கையில் பயண டிக்கெட். மூன்று ஆண்டுக்குப் பின் இங்கே இருப்போமா என்று தெரியாதவர், கடினமான டேனிஷ் உச்சரிப்போடு எவ்வளவு மல்லுக்கட்டுவார்? அவரைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்க எந்த முதலாளி முன்வருவார்?

உக்ரைனியர்களுக்கும் இதே விதிதானா?

இல்லை. 2022 மார்ச்சில் தனிச் சட்டம் இயற்றினார்கள். தஞ்ச விண்ணப்பத்துக்காக மாதக்கணக்கில் முகாமில் காத்திருக்காமல், வந்த சில வாரங்களில் தங்கும் அனுமதியும் வேலை அனுமதியும் கிடைத்தன. அவர்களுடைய அனுமதியும் தற்காலிகம்தான், மொழியும் புதிதுதான். ஆனாலும் வேலை செய்யும் வயதினரில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வேலையில் இருந்தார்கள். மற்ற அகதிகளுக்கும் முதல் மாதமே வேலை அனுமதி கொடுத்துப் பார்க்கலாமே என்று கேட்பவர்கள் டென்மார்க்கிலேயே இருக்கிறார்கள். இதுவரை எந்த அரசும் அதற்குச் சம்மதிக்கவில்லை.